ஸ்வெட்டரின் எடை எவ்வளவு?

கேள்வி: என் மகளுக்கு எட்டு மாதம். ஜூலையில் நிறைமாதத்தில் பிறந்தாள், 2.8 கிலோ. பதினாலாவது வாரத் தடுப்பூசியின்போது 5.1 கிலோ. ஜனவரியில், ஆறு மாதம் முடிந்தபோது 6.7. பிப்ரவரியில் 7 கிலோ. போன வாரம் வேறொரு கிளினிக்கில் எடை போட்டார்கள், 6.7 என்று காட்டியது. நீளம் 66 செ.மீ. ஒரே மாதத்தில் முந்நூறு கிராம் குறைந்துவிட்டதே என்று அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வீட்டுத் தராசில் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு நான் மட்டும் ஏறி, கழித்துப் பார்க்கிறேன். காலையில் 6.4, மாலையில் 6.9, மறுநாள் 6.5. நடுவில் நான்கு நாள் வயிற்றுப்போக்கு இருந்தது, இப்போது சரியாகிவிட்டது. தாய்ப்பால் கொடுக்கிறேன். ஆறு மாதத்திலிருந்து பருப்புத் தண்ணீர், காரட் வெந்த தண்ணீர், ஆப்பிள் மசியல், கொஞ்சம் ராகிக் கஞ்சி. எதிர் ஃபிளாட் பையனுக்கும் இதே எட்டு மாதம்தான், ஒன்பது கிலோ இருக்கிறான். அவன் பாட்டி லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் "பச்சி கம்ஸோர் ஹை" (குழந்தை பலவீனமாக இருக்கிறாள்) என்கிறார். கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் என் மாமியார், பால் பற்றவில்லை, பவுடர் பால் ஆரம்பி என்கிறார். டாக்டர் காட்டும் வளர்ச்சி அட்டை வெள்ளைக்காரக் குழந்தைகளுக்குப் போட்டது, இப்படி அடிக்கடி எடை போட்டால் கண் படும் என்றும் சொல்கிறார். குழந்தை சிரிக்கிறாள், உட்கார்ந்து விளையாடுகிறாள். நான் என்ன செய்யட்டும்?
ஒரு தாய், மயூர் விஹார் ஃபேஸ் 1, டெல்லி

பதில்: உங்கள் கடிதத்தில் எல்லா எண்களும் இருந்தன, ஒன்றைத் தவிர. அதனால்தான் பதில் எழுதும் முன் ஒரு வரி கேட்டு அனுப்பினேன்: ஜனவரியிலும் பிப்ரவரியிலும் எடை போட்டபோது குழந்தை என்ன போட்டிருந்தாள்? "டெல்லிக் குளிர் உங்களுக்குத் தெரியாதா டாக்டர், கழற்ற மனசு வரவில்லை, அப்படியே தராசில் வைத்தார்கள். போன வாரம்தான் டயப்பர்கூட இல்லாமல் போட்டார்கள்" என்று எழுதியிருந்தீர்கள்.

சரி, முந்நூறு கிராம் போன இடம் தெரிந்துவிட்டது.

இந்த ஜனவரியில், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் பனிமூட்டம் கலையாத ஒரு நாளில், என்னிடம் ஏழு மாதக் குழந்தை ஒன்று வந்தது. அதன் அம்மாவுக்கும் உங்களைப் போலவே தயக்கம். ஹீட்டரைப் பக்கத்தில் இழுத்து வைத்து, தட்டில் ஒரு துண்டை விரித்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, குழந்தையைப் பிறந்த மேனியாகக் கிடத்தி எடை பார்த்தோம். அரை நிமிஷ வேலை. அம்மா அவசர அவசரமாகக் குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தபோது, கழற்றிய துணியை மட்டும் அள்ளித் தட்டில் போட்டேன். உள்ளே போடும் தெர்மல் இரண்டு, பாட்டி பின்னிய ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு ஜாக்கெட், பேன்ட், சாக்ஸ், காதை மூடும் குல்லா. 430 கிராம். நனைந்த டயப்பரைத் தனியாக வைத்தால் இன்னொரு 140. மொத்தம் அரை கிலோவுக்கு மேல். அந்த வயதில் ஒரு குழந்தை ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஏறும் எடை அது.

உங்கள் மகளின் துணிமணிக்கு நானூறு கிராம் என்று வைத்துக் கழித்துப் பாருங்கள். ஜனவரியில் 6.3, பிப்ரவரியில் 6.6, மார்ச்சில் 6.7. இது உத்தேசக் கணக்குதான், ஸ்வெட்டர் என் கையில் இல்லை. ஆனாலும் எடை இறங்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். கடைசி மாதத்தில் ஏறியது நூறு கிராம்தான் என்பதையும் கவனித்திருப்பீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். அதுதான் நாம் பேச வேண்டிய விஷயம், முந்நூறு கிராம் இல்லை.

முதலில் அந்தக் குளியலறைத் தராசு. எட்டு மாதக் குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக ஏறுவது பத்து கிராம் அளவில்தான். உங்கள் தராசு நூறு நூறு கிராமாகத்தான் எண்ணுகிறது. அதிலும் நீங்கள் இரண்டு முறை ஏறி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பதால் இரண்டு முறையின் பிழையும் சேர்ந்துகொள்ளும். டைல்ஸ் கொஞ்சம் சரிவாக இருந்தால் அது வேறு. தராசு சரியாகவே இருந்தாலும் குழந்தை ஒரே எடையில் நிற்பதில்லை. நூறு மில்லி பால் குடித்தால் அந்தக் கணமே நூறு கிராம் கூடும், மூத்திரம் போனால் குறையும், இரண்டு நாள் வெளிக்குப் போகாமல் இருந்து போனால் இன்னும் குறையும். இத்தனைக்கும் நடுவே பத்து கிராமைத் தேடுவது சந்தை இரைச்சலில் கொலுசுச் சத்தம் கேட்பது மாதிரி. அடிக்கடி எடை போட்டால் கண் படுமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அடிக்கடி எடை போட வேண்டாம் என்பதில் நான் உங்கள் மாமியார் கட்சி.

ஒரு குழந்தையின் வளர்ச்சியைத் தொடர்ந்து அளந்து எழுதி வைத்தவர்களில் மிகப் பழையவராகச் சொல்லப்படுபவர் பிரான்சைச் சேர்ந்த மோன்பெயார் என்ற பிரபு. 1759-ல் பிறந்த தன் மகனைப் பதினெட்டு வயது வரை சுமார் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அளந்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. இன்றைக்கும் வளர்ச்சி பற்றிய மருத்துவப் புத்தகங்களில் அந்தப் பையனின் கோடு அச்சாகிறது. நீங்கள் காலையும் மாலையும் எடுத்த எண்களை வைத்து ஒரு கோடும் போட முடியாது. உங்கள் மகளுக்கு ஒரு வயது வரை மாதம் ஒரு தடவை போதும். அதே தராசு, பத்து கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசாக இருந்தால் நல்லது. பால் குடிக்கும் முன், துணியில்லாமல், யார் கையும் படாமல். குழந்தை துள்ளினால் இரண்டாவது தடவை போடச் சொல்லுங்கள். வரிசையில் ஐம்பது பேர் நின்றாலும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி அந்த அட்டை. மாமியார் சொன்னதை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள், அவர் காலத்துக்கு அது உண்மைதான். உலகம் முழுக்க முன்பு பரிந்துரைக்கப்பட்டது 1977-ல் வந்த அமெரிக்க அட்டை. கைக்குழந்தைகளுக்கான பகுதிக்கு அளக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் புட்டிப்பால் குடித்த வெள்ளைக்காரக் குழந்தைகள். புட்டிப்பால் குழந்தை நாலைந்து மாதத்துக்கு மேல் தாய்ப்பால் குழந்தையைவிடச் சதை போடும். அதனால் நன்றாகத் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளும் அந்த அட்டையில் அரை வயதுக்கு மேல் பின்தங்குவது போலத் தெரிவார்கள். 'பால் பற்றவில்லை' என்று சொல்லி எத்தனை தாய்மார்களை அந்தக் கோடு புட்டி பக்கம் தள்ளியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

இப்போது நாங்கள் காட்டுவது அந்த அட்டை இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து, 2006 ஏப்ரலில் புதிய அளவுகோலை வெளியிட்டது. பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா, அப்புறம் இந்தியா. இந்தியாவில் எந்த ஊர் என்று நினைக்கிறீர்கள்? தென் டெல்லி. உங்கள் வீட்டிலிருந்து யமுனையைத் தாண்டிப் போனால் வரும் அதே தென் டெல்லி. புகைபிடிக்காத தாய், தாய்ப்பால், போதிய சாப்பாடு, சுத்தமான வீடு. இவை இருந்த குடும்பங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி வளர்ந்தபோது டெல்லிக் குழந்தையும் ஆஸ்லோ குழந்தையும் நீளத்தில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். நம் குழந்தைகள் 'இயல்பிலேயே சின்னவர்கள்' என்ற பேச்சு, குறைந்தபட்சம் முதல் ஐந்து வயதுக்கு, அதோடு அடிபட்டுப் போயிற்று. உங்களிடம் இருக்கும் தாய் சேய் பாதுகாப்பு அட்டையின் கோடுகளும் இதிலிருந்து எடுத்தவைதான். மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள், ரசிப்பார்.

அந்த அட்டையில் பெண் குழந்தைக்கு இளஞ்சிவப்புப் பக்கம், ஆணுக்கு நீலப் பக்கம். எட்டு மாதப் பெண்ணின் நடுக்கோடு 7.9 கிலோ, ஆணின் நடுக்கோடு 8.6. எதிர் ஃபிளாட் பையன் தன் பக்கத்தில் நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறான், சந்தோஷம். உங்கள் மகளை அவன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. அவள் பக்கத்தில் பச்சைப் பட்டை முடிந்து மஞ்சள் தொடங்குவது 6.3 கிலோவுக்குக் கீழே. 6.7 பச்சையில்தான் இருக்கிறது. நீளம் 66 என்பதும் சரிதான், அந்த வயதுக்குக் கீழ் எல்லை 64. (படுக்கவைத்து, ஒருவர் தலையையும் ஒருவர் காலையும் பிடித்து, அளவுப் பலகையில் எடுத்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலில் தையல் டேப்பை நீட்டி எடுக்கும் நீளத்தை நான் குறித்துக்கொள்வதே இல்லை.) லிஃப்ட் பாட்டிக்கு "தீக் ஹை ஆன்ட்டி" (நன்றாகத்தான் இருக்கிறாள்) என்ற பதில் போதும்.

இன்னொன்றையும் பாருங்கள். அவள் 2.8 கிலோவில் பிறந்தபோதே நடுக்கோட்டுக்கு ஒரு கோடு கீழேதான் இருந்தாள். பதினாலாவது வாரத்திலும் அதே கோட்டை ஒட்டித்தான். இது அவளுடைய பாதை. நடுக்கோடு என்பது தேர்வில் எடுக்க வேண்டிய மதிப்பெண் இல்லை. ஆரோக்கியமான நூறு குழந்தைகளில் ஐம்பது பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். நான் அட்டையைப் பார்க்கும்போது புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிட, போன புள்ளியிலிருந்து எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்ப்பேன். நடுக்கோட்டுக்கு மேலே இருந்த குழந்தை மூன்று மாதத்தில் உங்கள் மகளின் கோட்டுக்கு வந்து சேர்ந்தால், அந்தக் குழந்தையைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுவேன், அது பச்சையில் இருந்தாலும்.

கோடே வளைவானது என்பதையும் பல தாய்மார்கள் கவனிப்பதில்லை. முதல் மூன்று மாதம் நாளுக்கு 25, 30 கிராம் என்று ஏறும். அடுத்த மூன்று மாதத்தில் 15-க்குப் பக்கம். இப்போது பத்து. தவழ ஆரம்பித்தால் இன்னும் மெல்ல. முதல் மாதங்களில் மளமளவென்று ஏறியதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நின்றுபோனது மாதிரித் தெரியும்.

இப்போது அந்த நூறு கிராமுக்கு வருவோம். இந்த வயதில், அவள் கோட்டில், ஒரு மாதத்துக்கு இருநூறு கிராமாவது எதிர்பார்ப்பேன். பாதிதான் ஏறியிருக்கிறது. இது நோய் இல்லை, ஆனால் ஒரு சோர்வு. காரணத்தை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்கு நாள் வயிற்றுப்போக்கு ஒன்று. பருப்புத் தண்ணீர் இன்னொன்று.

டெல்லிக்கு வந்து இத்தனை வருஷத்தில் நான் அதிகம் சண்டை போட்டது இந்தத் 'தால் கா பானி'யோடுதான். நம் வீடுகளிலும் அது பருப்புத் தண்ணீராகக் குடிவந்துவிட்டது. பருப்பை வேகவைக்கிறோம், மேலே தெளிந்த தண்ணீரைக் குழந்தைக்கு எடுக்கிறோம், கீழே தங்கிய பருப்பு சாம்பாருக்குப் போகிறது. சத்து யாருக்குப் போனது? உங்கள் கணவருக்கு. காரட் தண்ணீரும் அப்படித்தான், நிறம் மட்டும் வரும். உங்கள் மகளின் வயிறு ஒரு வேளைக்குக் கொள்வது இருநூறு மில்லி அளவுதான். அந்த இடத்தைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் பாலுக்கும் இடமில்லை, சோற்றுக்கும் இடமில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பாலோடு சேர்த்து நாளுக்குச் சுமார் 200 கலோரி வெளிச்சாப்பாட்டிலிருந்து வர வேண்டும், ஒன்பது மாதத்தில் 300. பருப்புத் தண்ணீரை நாள் முழுக்கக் கொடுத்தாலும் அது வராது.

எனவே பருப்பையே கொடுங்கள். சோறும் பருப்பும் குழைய வேகவைத்து, மசித்து, ஒரு டீஸ்பூன் நெய். அந்த ஒரு ஸ்பூன் நெய்யிலேயே 45 கலோரி இருக்கிறது. பதம் சரியா என்று பார்க்க அளவுகோல் எதுவும் வேண்டாம்: கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழுக்கி ஓடக் கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். ராகிக் கஞ்சியையும் அந்தப் பதத்துக்குக் கூழாக்கிவிடுங்கள். நெய் தடவிய இட்லி, வெந்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம், கட்டித் தயிர் எல்லாம் ஆகும். முட்டை சாப்பிடும் வீடு என்றால் நன்றாக வேகவைத்து மஞ்சளும் வெள்ளையும் சேர்த்தே கொடுக்கலாம், ஒரு வயது ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வறுத்த வேர்க்கடலையை நைசாகப் பொடித்துக் கூழில் கலக்கலாம், முழுக் கடலை மட்டும் கூடவே கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். புதிது எதுவானாலும் ஒவ்வொன்றாக ஆரம்பியுங்கள். சின்னக் கிண்ணத்தில் பாதி, நாளுக்கு மூன்று வேளை. வயிற்றுப்போக்கு வந்து போயிருப்பதால் அடுத்த இரண்டு வாரம் ஒரு வேளை கூடுதலாக. அப்போது துத்தநாக மருந்து தந்திருந்தால் பதினாலு நாளும் முடித்தீர்களா என்று பாருங்கள். பேதி நின்றதும் பாட்டிலை அலமாரியில் வைத்து மறந்துவிடுவதுதான் வழக்கம். ஒரு வயது வரை தேன் வேண்டாம். உப்பு, சர்க்கரைக்கும் அவசரம் இல்லை. வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடுங்கள், அரை மணி கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இரும்புச்சத்து சிரப் தொடங்கினீர்களா என்று எழுதவில்லை. தாய்ப்பாலில் இரும்பு குறைவு, வயிற்றில் இருக்கும்போது சேர்த்துக்கொண்டு வந்த கையிருப்பும் ஆறு மாதத்தோடு தீர்ந்துவிடும். அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை வாரம் இரண்டு முறை ஒரு மில்லி தருகிறார்கள், ஆஷா பணியாளரிடமோ அங்கன்வாடியிலோ கேளுங்கள். ரத்தசோகை இருந்தால் பசியும் மந்திக்கும். வைட்டமின் டி சொட்டு மருந்தைக் குளிர்காலம் போய்விட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், ஒரு வயது வரை தினமும் 400 யூனிட்.

பவுடர் பால் தேவையா என்றால், உங்கள் மகளுக்கு இல்லை. முதல் ஆறு மாதமும் அவளைத் தன் கோட்டில் கொண்டுவந்து சேர்த்தது உங்கள் பால்தான், அது திடீரென்று பற்றாமல் போகவில்லை. இப்போது பற்றாதது சாப்பாடு. புட்டியை உள்ளே விட்டால் பால் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். புட்டியை ஒழுங்காகக் கொதிக்கவைக்காவிட்டால், டெல்லி வெயில் தொடங்கும் இந்த நேரத்தில், அடுத்த வயிற்றுப்போக்கு வாசலில் நிற்கும். பவுடர் பால் விஷமில்லை. தாய் இல்லாத குழந்தைக்கும், பால் கொடுக்கவே முடியாத நிலைக்கும் நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் லிஃப்டில் ஒருவர் சொன்னதற்காக ஆரம்பிக்கும் பொருள் இல்லை அது. அதை விளம்பரம் செய்வதையே 1992-ல் இயற்றிய நம் சட்டம் தடுத்திருக்கிறது.

இதைப் படிக்கும் வேறு தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை: குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதை வயதிலிருந்து கழித்துவிட்டு அட்டையைப் பாருங்கள். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த எட்டு மாதக் குழந்தைக்கு ஆறு மாதக் கோடுதான் கோடு.

உங்களுக்கு இப்போது ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் வேண்டாம். ஏப்ரல் நடுவில், போன வாரம் போட்ட அதே தராசில், அதே மாதிரி துணியில்லாமல் ஒரு தடவை எடை போடுங்கள். இருநூறு கிராமோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் அப்படியே தொடருங்கள், அடுத்தது மே மாதம். நன்றாகச் சாப்பிட்டும் ஏறவில்லை என்றால் உங்கள் குழந்தை மருத்துவரிடம் போய் முதலில் மூத்திரப் பரிசோதனை கேளுங்கள். பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று சில சமயம் காய்ச்சல்கூட இல்லாமல் எடையை மட்டும் பிடித்து வைக்கும். அதோடு ஹீமோகுளோபின். அதில் ஒன்றும் இல்லாவிட்டால் மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

ஏப்ரல் வரை காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. பால் குடிக்கவே மறுத்தால், துவண்டு கிடந்தால், வயிற்றுப்போக்கு திரும்ப வந்து நிற்காவிட்டால், இரண்டு பாதங்களும் வீங்கினால், உட்கார்ந்துகொண்டிருந்தவள் உட்கார முடியாமல் போனால் அன்றைக்கே போங்கள். அங்கன்வாடியில் மேல்கையைச் சுற்றி அளக்கும் வண்ண நாடா இருக்கும். 12.5 செ.மீ.க்கு மேல் இருந்தால் பச்சை. 11.5-க்குக் கீழே போனால் அது அவசரம். உங்கள் மகளுக்கு அந்தக் கவலை இருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் ஒரு தடவை சுற்றிப் பாருங்கள், பத்து விநாடி வேலை.

ஏப்ரலில் எடை போட்டதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தேதி, எடை, எந்தத் தராசு. சட்டை போட்டிருந்தாளா இல்லையா என்பதையும் இந்தத் தடவை மறக்காமல்.